60,000 யூனிட் வைட்டமின் டி: குறைபாட்டுக்குச் சரி, நீர்க்கட்டிக்கு?

மருந்துக்கடையில் "வைட்டமின் டி 60,000" என்றால் உடனே எடுத்துத் தருவார்கள். உள்ளே இருப்பது 1,500 மைக்ரோகிராம் கொலிகால்சிஃபெரால், அதாவது வைட்டமின் டி3. கேப்சூல், 1 கிராம் பொடிப் பாக்கெட், 5 மில்லி திரவம் என எதில் வாங்கினாலும் குறைபாட்டைச் சரிசெய்யும். சினைப்பை நீர்க்கட்டிக்கு (பிசிஓஎஸ்) மருந்து என்று நம்பி வாங்கினால்தான் ஏமாற்றம்.

அந்த நம்பிக்கை சும்மா வந்ததல்ல. சினைப்பையிலும் கருப்பை உட்சவ்விலும் இந்த வைட்டமினுக்கான ஏற்பிகள் இருக்கின்றன. டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் அரோமடேஸ் நொதியை இது தூண்டுகிறது. முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் ஹார்மோனின் சுரப்பிலும் இதற்குப் பங்கு உண்டு. ஆனால் இதெல்லாம் செல் அளவிலான கதை. நீர்க்கட்டி உள்ள பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் ஒன்று சொல்வதை இன்னொன்று சொல்வதில்லை. ரத்தத்தில் டி அளவு நிச்சயம் ஏறும், மாதவிடாய் ஒழுங்காகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

வழக்கமாக எழுதித் தருவது வாரம் ஒன்று, 8 வாரம். கொழுப்பில் கரையும் பொருள், அதனால் வெறும் வயிற்றில் கட்டங்காப்பியோடு விழுங்காமல் நெய், முட்டை ஏதாவது உள்ள மதியச் சாப்பாட்டோடு எடுப்பது நல்லது. பொடியைப் பாலில் கலக்கலாம். அதிலுள்ள சர்க்கரைக்குப் பயப்பட வேண்டாம், மொத்தமே 1 கிராம்தான். சைவக்காரர்கள் கவனிக்க: கேப்சூல் உறை பெரும்பாலும் ஜெலட்டின், டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுப்பது.

பெரிய ஆபத்து, வாரம் ஒன்றைத் தினம் ஒன்றாகப் போடுவது. சில வாரங்களில் ரத்தத்தில் கால்சியம் எகிறும்: தாகம், வாந்தி, மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர், கவனிக்காவிட்டால் சிறுநீரகப் பாதிப்பு. ஒரு கிழமையை முடிவு செய்து அட்டையின் பின்னால் தேதியை எழுதிவிடுங்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

ரத்தத்தில் வைட்டமின் டி அளவைப் பார்க்கும் 25 ஹைட்ராக்ஸி பரிசோதனையில், ஒரு மில்லிக்கு 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. மறுபரிசோதனைக்கு 3 மாதம் பொறுக்கணும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு அளவு சற்றுக் கூடுதலாகவே தெரியும். முடி கொட்டுவதற்கு பயோட்டின் போடுகிறவர்களுக்குச் சில ஆய்வகக் கருவிகள் பொய்யாக உயர்ந்த எண்ணைக் காட்டும், அதனால் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்திவிடுங்கள்.