சிவில் பொறியியல்: தமிழ்நாட்டில் குறைந்த செலவில் எந்த இடம்?

கடன் வாங்காமல் பிள்ளையை சிவில் பொறியியல் படிக்கவைக்க நினைக்கும் குடும்பம் எடைபோட வேண்டியவை மூன்று வகை இடங்கள்: அரசுக் கல்லூரி, உதவிபெறும் கல்லூரி, சுயநிதிக் கல்லூரியின் அரசு ஒதுக்கீடு. மூன்றுக்கும் கலந்தாய்வு ஒன்றே. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப்தான் முடிவு செய்கிறது.

சுயநிதிக் கல்லூரிகளுக்கு 2017இல் கட்டண நிர்ணயக் குழு விதித்த உச்சவரம்பு, அரசு ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. நிர்வாக ஒதுக்கீட்டில் 85,000, 87,000. பேருந்தும் விடுதியும் இந்தக் கணக்கில் வராதவை என்பதால், பல குடும்பங்களுக்கு இந்தத் தொகை வெறும் தொடக்கமே.

பலரும் கவனிக்கத் தவறுவது இரண்டாவது வகையான உதவிபெறும் கல்லூரியை. கோவை பி.எஸ்.ஜி. (1951), மதுரை தியாகராசர் (1957) போன்ற கல்லூரிகள் 1984இல் சுயநிதிக் கல்லூரிகளுக்கு வழிதிறக்கும் முன்பே தோன்றியவை. அவற்றின் பழைய துறைகளுள் ஒன்றான சிவில், அரசு உதவியோடு நடப்பதால், அதே வளாகத்தில் பின்னாளில் வந்த சுயநிதிப் பிரிவுகளைவிட மிகக் குறைந்த கட்டணத்தில் கிடைக்கிறது. கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலில் பாடப்பிரிவின் பெயரோடு எஸ்.எஸ். என்று இருந்தால் அது சுயநிதி இடம். அந்த இரண்டெழுத்தைப் பார்க்காமல் நிரப்பிவிட்டுப் பிறகு வருந்துவதில் பயனில்லை. கணினிப் பிரிவுக்கு முண்டியடிக்கும் கூட்டம் சிவிலுக்கு இல்லாததால், சாதாரணக் கல்லூரியில் கணினி கிடைக்கும் மதிப்பெண்ணுக்கு நல்ல கல்லூரியில் சிவில் கிடைக்க வாய்ப்புண்டு.

கட்டணத்தை மட்டும் பார்த்தால் கோவை ஜி.சி.டி. (1945), காரைக்குடி அழகப்பச் செட்டியார் (1952), சேலம் (1966), திருநெல்வேலி (1981), பர்கூர் (1994) ஆகிய அரசுக் கல்லூரிகளே முந்துகின்றன. அதிலும் சிவகங்கை மாவட்ட மாணவர் வீட்டிலிருந்தே காரைக்குடிக்குச் சென்றுவர முடியுமானால், கோவையின் உதவிபெறும் இடத்தைவிட அதுவே மலிவு என்பேன். நான்காண்டு விடுதிச் செலவு, கட்டண வேறுபாட்டைவிடப் பெரியது.

6 முதல் 12ஆம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு இந்த ஒப்பீடே வேறு. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்பவரின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்பதால், அவர் விலையைப் பாராமல் ஆய்வகத்தையும் ஆசிரியர்களையும் பார்த்துத் தேர்வது நல்லது. பக்கத்து ஊர்க் கல்லூரி என்பதற்காக மட்டும் அந்த வாய்ப்பைச் செலவழிக்கக் கூடாது.

மத்திய அரசின் திருச்சி என்.ஐ.டி. (தேசியத் தொழில்நுட்பக் கழகம்) தனிக் கணக்கு. நுழைவு ஜே.இ.இ. மெயின் என்ற தேசிய நுழைவுத்தேர்வு வழியே, கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 1.25 லட்சம். குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குள் இருந்தால் முழு விலக்கும், 5 லட்சம்வரை மூன்றில் இரண்டு பங்கு விலக்கும் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு முழு விலக்கு.

அரசுப் பணியே இலக்கென்றால், 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கிய தமிழ்வழி சிவில் படிப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பள்ளி முதல் தமிழ்வழியிலேயே படித்தவருக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலைத் துறைத் தேர்வுகளுக்குத் தயாராகும் சிவில் மாணவருக்கு அது கட்டணச் சலுகையைவிட மதிப்புள்ளதாக அமையலாம்.