ஹாங்காங்கின் கான்டனீஸ் உணவை நடந்து அறிய: சென்ட்ரலா, ஷாம் ஷுய் போவா?

ஹாங்காங்கில் ஓர் அரைநாள் மட்டுமே கையில் இருந்து, அதை வழிகாட்டியுடன் நடந்து, கான்டனீஸ் எனப்படும் தென்சீனக் குவாங்டொங் வட்டார உணவை உண்பதற்கென்றே ஒதுக்க விரும்புவோர் முன் பெரும்பாலும் இரண்டு பாதைகள் வைக்கப்படுகின்றன. ஒன்று, ஹாங்காங் தீவின் வடகரையில் அடுத்தடுத்து அமைந்த சென்ட்ரல், ஷியுங் வான் பகுதிகள். மற்றொன்று, துறைமுகத்துக்கு அப்பால் கவுலூனில் உள்ள ஷாம் ஷுய் போ. சென்ட்ரலையும் ஷாம் ஷுய் போவையும் ஒரே மெட்ரோ தடம் இணைப்பதால் போய்ச் சேர்வதில் சிரமம் ஏதுமில்லை. எங்கே வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் உண்மையில் பயன்படுகிறது என்பதை வைத்தே இவற்றை ஒப்பிட வேண்டும் என்று கருதுகிறேன்.

சென்ட்ரலின் பலம் அதன் பழைய பெயர்கள். 1933இல் தொடங்கிய லுக் யூ தேநீரகம், 1952 முதல் பால்தேநீருக்குப் பெயர்பெற்ற லான் ஃபொங் யுவென், கிரஹாம் தெருவின் காய்கறிச் சந்தை ஆகியவை சில நிமிட நடைத் தொலைவுக்குள் அடங்கிவிடுகின்றன. துணிப்பையில் மீண்டும் மீண்டும் வடித்து, கெட்டியான டின் பாலைச் சேர்க்கும் இந்தத் தேநீரின் தயாரிப்பு முறையை ஹாங்காங் அரசு 2017இல் தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இதற்கான தூள் கலவையில் பெரும்பங்கு இலங்கைத் தேயிலை என்பதால், மலையகத் தமிழர் பறித்த கொழுந்து அந்தக் கோப்பைக்குள் இருக்க வாய்ப்புண்டு என்பதையும் தமிழ் வாசகர் நினைவில் கொள்ளலாம்.

ஆனால், இப்பகுதியில் பல கடைகளில் ஆங்கில உணவுப் பட்டியல் கிடைக்கிறது. வங்கி ஊழியர்களும் சுற்றுலாப் பயணிகளும் நாள்தோறும் வந்துபோகும் இடம் என்பதால் புதியவரைக் கண்டு யாரும் திகைப்பதில்லை. முன்கூட்டியே சற்றுப் படித்துவிட்டுச் செல்பவர் தாமாகவே இங்கு நன்றாகச் சாப்பிட முடியும். வழிகாட்டி இங்கே உதவுவது இரண்டு இடங்களில்தான். முதலாவது, டிம் சம் எனப்படும் சிறு பலகாரங்களின் மேசை: மூங்கில் கூடைக்கு மூன்று, நான்கு துண்டுகள் வீதம் வருவதால், தனியாகச் செல்பவர் இரண்டு கூடையோடு வயிறு நிறைந்து எழுந்துவிடுவார், குழுவாக அமர்ந்தால் இறால் பொதிந்த ஹார் காவ் முதல் தாமரை இலையில் பொதிந்த ஒட்டரிசி வரை பலவற்றை ருசி பார்க்கலாம். இரண்டாவது, ஷியுங் வானின் உலர் கடலுணவுக் கடைகள். உலர்ந்த அபலோனி என்னும் கடல் நத்தை, கடல் அட்டை, மீனின் காற்றுப்பை ஆகியவை சாக்குகளிலும் கண்ணாடிப் புட்டிகளிலும் நிறைந்திருக்கும் அத்தெருவில், எதை ஊறவைப்பார்கள், எதைச் சூப்பில் இடுவார்கள், ஒன்றின் விலை மற்றொன்றைவிட ஏன் பன்மடங்கு என்பதை விளக்க ஆளில்லாவிட்டால் மூக்கில் ஏறும் வாடை மட்டுமே மிஞ்சும்.

ஷாம் ஷுய் போவில் நிலைமை வேறு. நகரின் ஏழ்மையான வட்டாரங்களில் ஒன்றான இங்குள்ள சிறு கடைகள் அக்கம்பக்கத்து மக்களின் அன்றாடப் பசிக்காக நடப்பவை. அருகிலுள்ள ஷெக் கிப் மேயில் 1953 கிறிஸ்துமஸ் இரவில் பற்றிய தீ 50,000க்கும் மேற்பட்டோரை வீடற்றவர்களாக்கியது. அதன் பின்னரே அரசின் அடுக்குமாடிக் குடியிருப்புத் திட்டம் பிறந்தது. சீனப் பெருநிலத்திலிருந்து வந்த அகதிகள் நிறைந்திருந்த இவ்வட்டாரத்தில் மலிவும் வயிறு நிறைவதும் உணவின் முதல் தேவைகளாக இருந்ததை அறிந்தபின், இங்கே உண்ணும் எளிய கிண்ணத்தின் பொருளே மாறிவிடுகிறது.

லாவ் சம் கீ கடையின் நூடுல்ஸ் மாவு முட்டை சேர்த்துப் பிசையப்படுவது. ஒருமுனை பொருத்தப்பட்ட தடித்த மூங்கிலின் மறுமுனையில் ஆள் ஏறி அமர்ந்து, துள்ளித் துள்ளி அதை அழுத்தினால்தான் அந்த இழுவை கிடைக்கிறது. 1893ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொண்ட குங் வோவில் சோயாப்பாலைத் திரட்டிச் செய்யும் மென்மையான டோஃபு இனிப்பு உண்டு. ஹொப் யிக் டாயில் அரிசி மாவுச் சுருளை வெட்டி, எள் விழுதும் இனிப்புச் சாறும் ஊற்றித் தருவார்கள். இவற்றை எந்த வரிசையில் உண்பது, நெரிசலான மேசையில் முன்பின் அறியாதவர் அருகில் எப்படி அமர்வது, எந்த நேரத்தில் சென்றால் கடைக்காரருக்குத் தொல்லையாகாது என்பன கான்டனீஸ் மொழி பேசும் ஒருவர் உடனிருந்தால்தான் இயல்பாக அமையும். எனவே, ஒரே ஒரு நடைக்குத்தான் பணம் செலவிட முடியும் என்றால் ஷாம் ஷுய் போவையே தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். சென்ட்ரலைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

கவுலூனிலேயே உள்ள யாவ் மா டேயின் டெம்பிள் தெரு இரவு நடையும் மூன்றாவதாக விற்கப்படுகிறது. அங்கு மண்சட்டிச் சோறு அருமையானது. அதற்கு வழிகாட்டி தேவையில்லை.

சைவ உணவினருக்கு இரு பாதைகளும் கடினமே. காய்கறி வதக்கலில் சிப்பிச் சாறும், ரொட்டி வகைகளில் பன்றிக் கொழுப்பும், சூப்பில் உலர் இறாலும் கண்ணுக்குத் தெரியாமல் சேர்ந்திருக்கும். பொரித்த டோஃபுவுக்குள்ளும் மீன் விழுது இருக்கக்கூடும். இதைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் தெரிவித்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் மாற்று உணவு என்ன என்று கேட்டுப் பெற வேண்டும். தெளிவான பதில் தராத நடையைத் தவிர்ப்பது நல்லது.