வீட்டுப் பட்டறைக்கு டி.ஏ. சிலிண்டரா, எல்பிஜியா?

வெல்டிங், கட்டிங் டார்ச்சில் ஆக்சிஜனுக்குத் துணையாக டி.ஏ., அதாவது கரைத்து அடைத்த அசிட்டிலீன், அல்லது எல்பிஜி, இதில் எந்த கேஸை வீட்டில் வைத்துக்கொள்வது என்று கேட்டால் என் பதில் எல்பிஜி. இரண்டையும் யோசித்துப் பார்த்து அதைத்தான் வாங்கி வைத்திருக்கிறேன், அதனால் இதில் என் சாய்வு தெரியத்தான் செய்யும். கும்பகோணம் பக்கம் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஷெட், ஒரே ஆள், எப்போதாவது ஒரு கைத்துணை. அந்த மாதிரி இடத்துக்குத்தான் இந்தக் கணக்கு. நாலு பேர் வேலை செய்யும் பெரிய பட்டறைக்கு இது பொருந்தாது.

இரும்போடு இரும்பை ஒட்டுவது மட்டும்தான் வேலை என்றால் இரண்டுமே வேண்டாம், ஒரு இன்வெர்ட்டர் ஆர்க் மெஷின் போதும். வளைந்த ஷாப்டைச் சூடாக்கி நிமிர்த்த, துருவில் இறுகிப்போன நட்டைக் கழற்ற, செம்புக் குழாயில் பிரேஸிங் (குழாயை உருக்காமல், வேறு உலோகத்தை உருக்கி ஒட்டுவது) வைக்க, தகடு வெட்ட, இதற்கெல்லாம்தான் கேஸ். ஜூன் 12 மேட்டூர் திறப்பை எதிர்பார்த்துக் குறுவைக்கு உழவு தொடங்கும்போது ரோட்டவேட்டரும் கேஜ் வீலும் வாசலில் வரிசை கட்டுமே, அந்த வேலையில் பாதி சூடாக்குகிற வேலைதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

சூட்டில் டி.ஏ.தான் ஜெயிக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆக்சிஜனோடு அசிட்டிலீன் 3,100 டிகிரி செல்சியஸ் வரை போகும், எல்பிஜி 2,800-க்குப் பக்கத்தில் நின்றுவிடும். அசிட்டிலீன் சுடரில் சூடு ஒரே புள்ளியில் குவியும், எல்பிஜியில் பரவும். அதனால் கேஸ் வைத்தே இரும்பை உருக்கி வெல்டிங் செய்பவருக்கு எல்பிஜி ஆகாது. ஆக்சிஜன் செலவும் எல்பிஜிக்கு அதிகம்: ஒரு பங்கு அசிட்டிலீனுக்கு சிலிண்டரிலிருந்து ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆக்சிஜன் போதும், எல்பிஜி நாலு பங்கு வரை இழுக்கும். கறுப்பு நிற ஆக்சிஜன் சிலிண்டரை அடிக்கடி மாற்றத்தான் வேண்டும். சரி, இவ்வளவும் தெரிந்தும் ஏன் எல்பிஜி?

சிலிண்டர் வீட்டுக்கு வந்து சேர்கிற விதத்தைப் பாருங்கள். தஞ்சாவூரிலோ திருச்சியிலோ நிரப்பிய டி.ஏ. சிலிண்டர் ஊருக்குள் குட்டியானையில்தான் வரும், பெரும்பாலும் வைக்கோல் கட்டுக்கும் சிமென்ட் மூட்டைக்கும் நடுவே படுத்துக்கொண்டு. அந்த சிலிண்டர் வெறும் இரும்புக் குடுவை இல்லை. உள்ளே முழுக்க நுண்துளைகள் நிறைந்த ஒரு திடப்பொருள், அது குடித்திருக்கும் அசிட்டோன், அந்த அசிட்டோனில் கரைந்திருக்கும் அசிட்டிலீன். அசிட்டிலீனைத் தனியாக அழுத்தி வைத்தால் ஆக்சிஜன் இல்லாமலே தானாகச் சிதைந்து வெடிக்கும், அதனால்தான் இத்தனை ஏற்பாடு. படுக்கப் போட்டு வந்த சிலிண்டரை உடனே திறந்தால் கேஸோடு அசிட்டோனும் ஓஸுக்குள் வந்து ரெகுலேட்டர் வாஷரைத் தின்னும். அதைவிட மோசம், அசிட்டோன் குறையக் குறைய சிலிண்டருக்குள்ளேயே பாதுகாப்பு குறைகிறது. நிமிர்த்தி வைத்துப் பல மணி நேரம், முடிந்தால் ஒரு ராத்திரி, விட்டுவைக்க வேண்டும். வாசலில் டிராக்டரை நிறுத்திவிட்டு "அண்ணே, தண்ணி வந்துடுச்சு, இன்னிக்கே உழணும்" என்று நிற்பவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

எடுக்கிற வேகத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. மணிக்கு மொத்தக் கொள்ளளவில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் டி.ஏ.வை இழுக்கக் கூடாது, பத்தில் ஒரு பங்கோடு நிறுத்தச் சொல்பவர்களும் உண்டு. ஷாப்டைப் பழுக்கச் சூடாக்கும் பெரிய நாசில் சின்ன சிலிண்டரில் இந்த வரம்பைச் சுலபமாகத் தாண்டிவிடும், நம்மிடம் வரும் வேலையில் பாதி அதுதான். அழுத்தமும் அப்படித்தான்: ரெகுலேட்டர் தாண்டி 15 பி.எஸ்.ஐ., அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தத்துக்கு மேல் அசிட்டிலீனை வைக்கவே கூடாது. இதில் எதை மீறினாலும் வெளியே உடனே ஒன்றும் தெரியாது, வேலை ஒழுங்காகவே நடப்பது போலிருக்கும். எனக்கு ஒத்துவராதது இதுதான். பெரிய இடத்தில் இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருப்பார். வீட்டில் நாமேதான் முதலாளி, நாமேதான் ஸ்டோர் கீப்பர், கரண்ட் வந்துபோகும் மதியத்தில் அவசரப்படுகிறவரும் நாமே.

எல்பிஜி தன் வரம்பை வெளியே காட்டிவிடும். அதிகமாக இழுத்தால் சிலிண்டர் குளிர்ந்து அடிப்பக்கம் வேர்க்கும், பனி கட்டும், சுடர் சோர்ந்துபோகும். அப்போது நிறுத்தினால் போதும், சிலிண்டருக்குச் சுடர் காட்டவோ சுடுதண்ணீரில் நிறுத்தவோ வேண்டாம். படுக்க வைத்துக் கொண்டுவருவது எல்பிஜியிலும் தப்புதான், ஆனால் நிமிர்த்தி நிறுத்திவிட்டால் திரவம் கீழே, ஆவி மேலே என்று சீக்கிரம் அடங்கிவிடும். கசிந்தால் சமையல்கட்டில் எல்லோருக்கும் பழகிய அதே வாடை, பட்டறைப் பக்கமே வராத ஆத்தாவுக்குக்கூட அது என்னவென்று தெரியும். காற்றில் சுமார் 2 முதல் 9.5 சதவீதம் கலந்தால்தான் பற்றும். அசிட்டிலீன் 2.5-இல் ஆரம்பித்து 80-ஐத் தாண்டியும் பற்றும், அதற்குத் தேவையான பொறியும் மிகச் சின்னது.

இதற்காக எல்பிஜி சாது என்று நினைத்துவிட வேண்டாம். அது காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம், மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து பள்ளம் தேடும். நம் ஊர் வீடுகளில் பள்ளத்துக்கா பஞ்சம்? போர் குழி, சாக்கடை, முற்றத்துக் கால்வாய். மோட்டார் குழியில் கேஸ் இறங்கி நிற்கும்போது யாராவது சுவிட்சைப் போட்டால் அந்த ஒரு பொறி போதும். அதனால் சிலிண்டரை ஷெட்டுக்கு வெளியே, குழிகளிலிருந்து தள்ளி, சுவரோடு சங்கிலி போட்டு நிறுத்தி ஓஸை மட்டும் உள்ளே விட்டிருக்கிறேன். உள்ளே தரையோடு ஒட்டிக் காற்றுவழி வேண்டும், மேலே ஜன்னல் இருப்பதால் பயனில்லை. சங்கிலி வெள்ளத்துக்கும் சேர்த்துத்தான். நிறைந்த 19 கிலோ எல்பிஜி சிலிண்டரே தண்ணீரில் மிதக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீர் ஏறினால் ஓஸைப் பிய்த்துக்கொண்டு போகும். ஈரத்தில் அடிவளையம் துருப்பிடிக்காமல் இருக்க இரண்டு மரக்கட்டை மேல் நிறுத்தினால் நல்லது.

வாங்கும்போது 19 கிலோ நீல சிலிண்டரையே கேளுங்கள். வீட்டுச் சமையல் சிலிண்டரைப் பட்டறையில் மாட்டுவது சட்டப்படி குற்றம், அதன் ரெகுலேட்டரும் இதற்குத் தேவையான அழுத்தம் தராது. எல்பிஜி மொத்தம் 100 கிலோவைத் தாண்டாதவரை சேமிப்பு உரிமம் தேவைப்படாது. டி.ஏ.வுக்கு வைத்திருந்த பழைய சிவப்பு ஓஸை இதில் மாட்டாதீர்கள், சில ரப்பரை எல்பிஜி இளக்கிவிடும், எல்பிஜிக்கென்று விற்கும் ஓஸ்தான் வேண்டும். நாசிலும் வேறு. சுடர் ஓஸுக்குள் திரும்பி ஓடாமல் தடுக்கும் பிளாஷ்பேக் அரெஸ்டர் எந்த கேஸாக இருந்தாலும் கேஸ், ஆக்சிஜன் இரண்டு லைனிலும் கட்டாயம், விலையைப் பார்த்து ஒன்றோடு நிறுத்துபவர்கள் அதிகம்.

ஆக்சிஜன் இரண்டுக்கும் பொது. சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தத்தில் நிற்கும் அந்த சிலிண்டரின் வால்வை எண்ணெய்க் கையோடு தொடவே கூடாது. பம்ப்செட் பிரித்த கிரீஸ் கையோடு நேராக வந்து திறப்பவர்களும், வேர்வைக்குச் சட்டைக்குள் ஆக்சிஜன் அடித்துக்கொள்பவர்களும் உண்டு. ஆக்சிஜன் ஊறிய துணி ஒரு பொறியில் குப்பென்று பிடிக்கும். கீற்றுக் கூரைக்குக் கீழே எந்த கேஸும் வேண்டாம். 2004-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் போன பிறகும் கீற்றுக் கொட்டகையில் டார்ச் பற்றவைப்பவர்களிடம் என்ன பேசுவது?

டி.ஏ. யாருக்கு என்றால், மெல்லிய தகட்டில் கேஸ் வெல்டிங்கே தொழிலாக இருப்பவருக்கு. தினமும் ஓடும், சிலிண்டர் மாதக்கணக்கில் சும்மா நிற்காது, கொண்டுவரும் வண்டிக்காரரிடம் நிமிர்த்திக் கட்டித்தான் எடுத்து வரவேண்டும் என்று அடித்துச் சொல்லவும் முடியும். அவர்களும் ஓஸ் இணைக்கச் செம்புக் குழாய்த் துண்டை எடுக்கக் கூடாது, பாத்திரப் பட்டறை ஊர் என்பதால் அது எங்கும் கிடக்கும். அசிட்டிலீன் செம்போடு சேர்ந்து அடித்தாலே வெடிக்கும் ஒரு படிவத்தை உண்டாக்கும். தடித்த தகட்டை நான் அதிகம் வெட்டியதில்லை. 10, 12 மில்லி வரை எல்பிஜியில் சுத்தமாக வெட்டுகிறது, தொடக்கத்தில் சூடேறக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். அதற்கு மேல் தினமும் வெட்டுபவர் என்றால் என் பேச்சைவிட கட்டிங் பட்டறைக்காரர் ஒருவர் பேச்சைக் கேளுங்கள்.