டோஸ் தள்ளிப்போனால் பெம்ப்ரோலிசுமாப் எவ்வளவு தாங்கும்?

நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிப் புற்றுநோயைத் தாக்கவைக்கும் மருந்தான, கீட்ரூடா என்ற பெயரில் நரம்பு வழியாக ஏற்றப்படும் பெம்ப்ரோலிசுமாபை, தேதி தவறியவருக்கு மறுபடி ஏற்றுவது எவ்வளவு பத்திரம் என்ற ஒரு கோணத்தில் மட்டும் இங்கே மதிப்பிடுகிறோம்.

சும்மா தள்ளிப்போன தேதி என்றால், நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். பெரியவர்களுக்கு 3 வாரத்துக்கு ஒருமுறை 200 மி.கி. அல்லது 6 வாரத்துக்கு ஒருமுறை 400 மி.கி. என்பது வழக்கமான அளவு. உடலில் இருக்கும் மருந்து பாதியாகவே சுமார் 22 நாள் ஆகும். ஒரு வாரத் தாமதத்தில் அது மறைந்துவிடாது. விட்டதற்கு ஈடாக இரட்டை டோஸ் வேண்டாம். வழக்கமான அளவை 30 நிமிடத்தில் ஏற்றி, அடுத்த தேதியை அன்றிலிருந்து எண்ணினால் போதும். கீமோவும் சேர்ந்திருந்தால் கணக்கு வேறு. அதை மருத்துவர்தான் கோக்க வேண்டும்.

சிக்கல் எல்லாம் பக்கவிளைவால் நிறுத்தியவர்களுக்குத்தான். கிரேடு 2 (கிரேடு என்பது தீவிரத்தின் அளவு; எண் கூடினால் கடுமை கூடும்) நுரையீரல் அழற்சி, கிரேடு 2 அல்லது 3 குடல் அழற்சி வந்தால் மருந்தை நிறுத்தி ஸ்டீராய்டு தொடங்குவார்கள். அழற்சி கிரேடு 1-க்கோ அதற்குக் கீழோ இறங்கி, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும் நாளுக்கு 10 மி.கி. அல்லது அதற்குக் குறைவாக வந்த பிறகே மறுபடி ஏற்றலாம். ஸ்டீராய்டு தொடங்கி 12 வாரத்துக்குள் அந்த அளவுக்கு வர முடியாவிட்டால், இந்த மருந்தை அதோடு விட்டுவிட வேண்டும். வயிறு சரியாகிவிட்டதே என்று ஸ்டீராய்டை அவசரமாகக் குறைப்பதில்தான் அதிகம் கெடுகிறது: அடங்கியிருந்த அழற்சி திரும்பக் கிளம்பும். குறைப்பதற்கே ஒரு மாதமாவது பிடிக்கும், அதில் பேரம் பேசக் கூடாது. இதயத் தசை அழற்சி வந்தவருக்கு, அது கிரேடு 2 ஆனாலும், மீண்டும் ஏற்றக் கூடாது. தைராய்டு மந்தமானால் மட்டும் பெரிய தடையில்லை. லெவோதைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரையோடு தொடரலாம்.

மறுபடி ஏற்றும் முன் ரத்த அணுக்கள், கல்லீரல் என்சைம், கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 (இரண்டும் தைராய்டு பரிசோதனைகள்), ஆக்சிஜன் அளவு எல்லாம் பார்த்திருக்க வேண்டும். புதிதாக இருமல் இருந்தால் முதலில் நெஞ்சு சி.டி. தீராத அசதியும் தலைசுற்றலும் இருந்தால் காலை நேரக் கார்ட்டிசோல் (உடல் தானே சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன்) அளவு. ஆனால் ஸ்டீராய்டு எடுப்பவருக்கு அந்த அளவு எப்படியும் குறைவாகக் காட்டலாம் என்பதை மறக்க வேண்டாம். இடைவெளி பல மாதம் என்றால் புது ஸ்கேன் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். இல்லையென்றால், கட்டி வளர்ந்தது இடைவெளியிலா, மருந்து ஏறிய பிறகா என்று பின்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

நிறுத்திப் பல மாதம் கழித்தும் பக்கவிளைவு தலைகாட்டலாம். மறுபடி ஏற்றிய பின் வழக்கத்தைவிட நாளுக்கு 4 தடவையோ அதற்கு மேலோ கூடுதலாகப் பேதி, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி எது வந்தாலும் அடுத்த டோஸ் தேதிவரை காத்திருக்க வேண்டாம்; பேதியை நிறுத்தும் மாத்திரை போட்டு மறைக்காமல் அன்றே மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள்.