பயிற்சி வகுப்பா, பெரியவரோடு வீதியா?

வாக்காளர் பட்டியல் வேலையைக் கற்க விரும்பும் இளைஞருக்குத் திருப்பூரில் இரண்டு வழிகள். ஒன்று, அரை நாள் வகுப்பு. பெயர் சேர்க்கப் படிவம் 6, நீக்க 7, திருத்தவும் முகவரி மாற்றவும் 8, 17 வயது நிரம்பினாலே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம், சந்தேகத்துக்கு 1950 என்ற உதவி எண். சுருக்கம், சுத்தம். மதியச் சாப்பாடும் உண்டு.

மற்றது, இதே வேலையாகப் பல காலம் அலைந்த பெரியவரோடு லைன் வீடுகளுக்கு நடப்பது. பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து ஆட்கள் திரும்பும் நேரம் பார்த்துத்தான் அவர் கிளம்புவார். படிவத்தை உடனே எடுக்க மாட்டார். “இங்கே குடிவந்து எத்தனை மாதம் ஆகிறது, அம்மணி?” என்பார். வாடகைக்காக மூன்று வீடு மாறியவரின் பெயர் இன்னும் பழைய தெருப் பட்டியலிலேயே கிடப்பது அந்தக் கேள்வியில்தான் வெளிவரும். படிவம் 8 எதற்கு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. திண்ணை கிடைத்தால் 1996 சட்டமன்றத் தேர்தலின் மொடக்குறிச்சித் தொகுதிக் கதையும் வரும்: 1,033 வேட்பாளர்கள், வாக்குச்சீட்டே ஒரு புத்தகம்!

வகுப்பை ஒருமுறை கேட்டால் போதும். என் ஓட்டு செருப்புத் தேய்வதற்கே. ஒரு குறை உண்டு. ஆன்லைன் விண்ணப்பம் என்றதும் பெரியவர் போனை நம்மிடம் நீட்டிவிடுவார்.