கச்சான் காலத்தில் கடற்பறவை பார்க்க: அரிச்சல்முனையா, கல்கிசையா?

ஆழ்கடலிலேயே காலம் கழிக்கும் பறவைகளைக் கரையில் நின்று பார்க்க வேண்டுமென்றால் கச்சான் காற்று வேண்டும். தென்மேற்கிலிருந்து அது விடாமல் அடிக்கும் நாட்களில் அவை கரைப்பக்கம் ஒதுங்கி வருகின்றன. அந்த நேரத்தில் படகில் போவது ஆபத்து, அந்தப் பேச்சே வேண்டாம். எனக்குத் தெரிந்து நல்ல இடங்கள் இரண்டு: தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை, கொழும்புக்குத் தெற்கே கல்கிசை.

கடந்து போகும் பறவைகளை எண்ணுவதுதான் நோக்கம் என்றால் கல்கிசை. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பிரைடில்டு ஆலா (Bridled Tern) என்ற கடற்பறவைகள் இலங்கையின் மேற்குக் கரையோரமாகத் தெற்கே போகின்றன. இலங்கைப் பறவையியலாளர் ரெக்ஸ் டி சில்வா ஆராய்ந்து பதிவு செய்த வலசை இது. எல்லாம் ஒரே திசையில் போவதால் எண்ணுவது சுலபம். பாறை மேடும் இருக்கிறது. கொஞ்சம் உயரத்தில் நின்றால், அலைப் பள்ளத்தில் பறவை மறைந்து போவது குறையும். காலையில் வெயில் முதுகுக்குப் பின்னால். மதியத்துக்கு மேல் கடல் கண்ணைக் கூசும், எந்தப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும்.

அரிச்சல்முனையில் உயரமும் கிடையாது, நிழலும் கிடையாது. முனையைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் மன்னார் வளைகுடா, மீனவர்கள் சொல்லும் ஆண் கடல். அது கொந்தளிக்கும்போது இடப்பக்கத்துப் பெண் கடல் குளம் மாதிரி கிடக்கும். காற்று ஓங்கினால் ஆலாக்கள் மணலில் இறங்கி, எல்லாம் காற்றைப் பார்த்தபடி அலகை நீட்டி உட்கார்ந்துவிடும். கல்கிசையில் கிடைக்காதது இதுதான். நெற்றி வெள்ளை கண்ணைத் தாண்டிப் புருவம்போல நீண்டால் பிரைடில்டு ஆலா. கண்ணோடு நின்றுவிட்டால் சூட்டி ஆலா. தூரத்தில் பறந்துபோகும் பறவையில் இதைப் பிரித்தறிய நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. இங்கே நிதானமாக உட்கார்ந்து பார்க்கலாம்.

அப்புறம் ஃபிரிகேட் பறவை. ஆலாவை விடாமல் துரத்தும். அது பயந்து மீனைக் கக்கியதும், தண்ணீரில் விழுமுன் எட்டிப் பிடித்துவிடும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் நான் அரிச்சல்முனைக்கே போவேன். தொலைநோக்கியின் முக்காலியைத் தாழ்த்தி வைத்து மணலிலேயே உட்காருங்கள்; நின்றால் தொலைநோக்கி ஆடிக்கொண்டே இருக்கும். உப்புச் சாரல் லென்ஸில் படிந்துகொண்டே இருக்கும், காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். நல்ல தண்ணீரில் நனைத்த பருத்தித் துணி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் திரும்பச் சொல்லிவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.