எடையற்ற 22 வினாடிகள்: எந்த விமானம் யாருக்கு?

எடையின்மையை அனுபவிக்க ராக்கெட்டில் ஏற வேண்டியதில்லை. ஒரு பயணிகள் விமானத்தைச் சாய்வாக மேலே ஏற்றி, மூக்கு சுமார் 50 டிகிரியைத் தொட்டதும் எஞ்சின் விசையைக் காற்றின் இழுவைக்கு ஈடாகும் அளவுக்குக் குறைத்துவிட்டால் போதும். அதன்பின் விமானமும் உள்ளே இருப்பவர்களும் வீசியெறிந்த கல்லின் வளைந்த பாதையில், அதாவது ஒரு பரவளையத்தில், சேர்ந்தே போவார்கள். மேலே போகும்போதும் கீழே வரும்போதும் சேர்த்து சுமார் 22 வினாடிகள் உடலுக்கு எடை இருக்காது. அதற்கு முன்பும் பின்பும் ஏறத்தாழ 20 வினாடிகள் 1.8 மடங்கு எடை. 60 கிலோ ஆள் 108 கிலோ ஆகிவிடுவார். விளம்பரப் படங்களில் மிதக்கும் காட்சிதான் வரும். தரையோடு அழுந்திக் கிடக்கும் காட்சி வராது. ஆனால் எந்த விமானம் யாருக்குப் பொருந்தும் என்பதை முடிவுசெய்வது பெரும்பாலும் அந்தக் கனத்த வினாடிகள்தான்.

இன்று இதற்கு இரண்டு பெயர்கள் முன்னால் நிற்கின்றன. பிரான்ஸின் போர்தோ-மெரிஞாக் விமான நிலையத்திலிருந்து நோவ்ஸ்பாஸ் நிறுவனம் பறக்கவிடும் ஏர்பஸ் ஏ310 ஒன்று. அமெரிக்காவில் ஜீரோ கிராவிட்டி கார்ப்பரேஷன் ஓட்டும் போயிங் 727 மற்றொன்று. மூன்றாவதாக ரஷ்யாவின் இல்யூஷின்-76 உண்டு. ககன்யானுக்குத் தேர்வான இந்திய விமானப்படை வீரர்கள் 2020இல் எடையின்மைப் பயிற்சி பெற்றது அதில்தான். அது விண்வெளி வீரர்களுக்கான பயிற்சி விமானம் என்பதால் இங்கே அதை ஒதுக்கிவைக்கிறேன்.

முதலில் ஆராய்ச்சி.

இதில் ஏ310 தெளிவாக முந்துகிறது. ஒருகாலத்தில் ஜெர்மன் அரசின் தலைவர்களைச் சுமந்த விமானம் அது. 2015 முதல் ஆய்வுக்காகப் பறக்கிறது. ஒரு பறத்தலுக்கு 31 பரவளையங்கள். மூன்று நாள் பறந்தால் 93, அதாவது கூட்டிப்பார்த்தால் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமான எடையின்மை. ஓட்டும் முறையும் வேடிக்கையானது: விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்குவது ஒரு விமானி, இறக்கைகள் சாயாமல் பார்த்துக்கொள்வது இன்னொருவர், எஞ்சின் விசையைக் கவனிப்பது மூன்றாமவர். ஒரே ஆள் மூன்றையும் செய்தால் அந்தத் துல்லியம் வராது. இவ்வளவு செய்தும் நூற்றில் ஒரு பங்கு ஈர்ப்பு எச்சமாக இருந்துகொண்டேதான் இருக்கும். ஐரோப்பிய விண்வெளி முகமை, பிரான்ஸின் விண்வெளி முகமை சிஎன்இஎஸ், ஜெர்மனியின் விண்வெளி மையம் டிஎல்ஆர் மூன்றும் ஆய்வாளர்களுக்கு இதில் இடம் ஒதுக்குகின்றன. ஐரோப்பிய முகமையின் மாணவர் திட்டம் வழியாக மாணவர்களும் போகலாம், ஆனால் பெரும்பாலும் அதன் உறுப்பு நாடுகளைச் சேர்ந்தவர்களுக்குத்தான் அந்த வழி.

அந்த நூற்றில் ஒரு பங்கு எச்சம் உங்கள் சோதனையைக் கெடுக்கும் என்றால் விமானத்தையே மறந்துவிடலாம். ஜெர்மனியின் பிரேமன் நகரில் இருக்கும் 146 மீட்டர் கோபுரத்தில், காற்றை உறிஞ்சியெடுத்த குழாய்க்குள் ஒரு பெட்டகத்தை விழவிடுகிறார்கள். நேராக விழுந்தால் 4.74 வினாடி, கீழேயிருந்து மேலே எறிந்து விழவிட்டால் 9.3 வினாடி. நேரம் குறைவுதான், ஆனால் மிஞ்சும் ஈர்ப்பு பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சென்னையிலேயே, ஐஐடி மெட்ராஸின் தேசிய எரிதல் ஆய்வு மையத்தில் 2.5 வினாடிக் கோபுரம் இருக்கிறது. ஒரு சுடர் ஈர்ப்பு இல்லாமல் எப்படி எரிகிறது, எப்போது அணைகிறது என்று பார்க்க அந்த 2.5 வினாடி பல நேரங்களில் போதும். இன்னும் நீண்ட நேரம் வேண்டுமென்றால் ஸ்வீடனின் கிரூனாவிலிருந்து ஏவப்படும் டெக்சஸ் ராக்கெட் சுமார் ஆறு நிமிடம் தரும். ஆனால் பிரேமன் பெட்டகம் கடைசியில் தெர்மாக்கோல் மணிகளுக்குள் போய்க் குத்தும் வேகத்தை மனித உடல் தாங்காது. டெக்சஸிலும் ஆள் ஏற முடியாது. சோதனைக்கு நடுவே கையை நீட்டி ஒரு திருகை முடுக்க வேண்டும், அல்லது மனித உடலே சோதனைப் பொருள் என்றால், திரும்ப விமானத்துக்குத்தான் வர வேண்டும். நீச்சல் குளப் பயிற்சியும் இதற்கு மாற்றாகாது. தண்ணீரில் உடல் மிதந்தாலும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்கு ‘கீழே’ எது என்று நன்றாகவே தெரியும்.

அந்தச் சமநிலை உறுப்பில்தான் அடுத்த கதை தொடங்குகிறது.

1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையின் விமான மருத்துவப் பள்ளியும் பின்னர் நாசாவும், வாஷிங்டனில் காது கேளாதோருக்காக நடக்கும் காலடெட் கல்லூரியிலிருந்து பதினோரு ஆண்களைத் தேடிப் பிடித்தன. ஒருவரைத் தவிர மற்றவர்கள் சிறுவயதில் மூளைக்காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்தவர்கள். அதே நோய் அவர்களின் சமநிலை உறுப்பையும் அழித்திருந்ததால் எவ்வளவு சுழற்றினாலும் அவர்களுக்குக் குமட்டல் வராது. எடையின்மை விமானத்தில் ஏற்றினார்கள். நால்வரைச் சுழலும் அறையில் பன்னிரண்டு நாள் வைத்தார்கள். நோவா ஸ்கோஷியா கடலில் கொந்தளிப்புக்கு நடுவே கப்பலில் கொண்டுபோனார்கள். ஆய்வாளர்கள் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடக்க, இவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள் என்பது பதிவான செய்தி. விண்வெளி வீரர்களின் உடல் எதைத் தாங்கும் என்று இவர்களை வைத்து அறிந்துகொண்டார்கள். இவர்களில் ஒருவரையும் விண்வெளிக்கு அனுப்பவில்லை. காது கேட்கவில்லை என்பது அப்போது தகுதியின்மை.

எல்லோரையும் உள்ளடக்குதல், சமவாய்ப்பு என்று பேசும் எந்த விமான நிறுவனத்தையும் நான் இந்த அளவுகோலில்தான் பார்க்கிறேன்: மாற்றுத்திறனாளி அங்கே சோதனைப் பொருளா, விருந்தாளியா, சோதனையை வடிவமைப்பவரா?

2007 ஏப்ரலில், உடல் இயக்கத்தை இழந்திருந்த இயற்பியலாளர் ஸ்டீஃபன் ஹாக்கிங் 727இல் பறந்தது உலகம் முழுக்கத் தெரிந்த நிகழ்வு. மருத்துவர்களும் செவிலியர்களும் கூடவே இருக்க, எட்டு முறை மிதந்தார். அவர் சிரித்த அந்தப் படம் ஆயிரம் வாதங்களுக்குச் சமம்தான். ஆனாலும் அவர் விருந்தாளி. ஏ310இல் 2017இல் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் எட்டுப் பேரை ஏற்றிப் பறந்ததையும் நான் இதே வரிசையில்தான் வைப்பேன். நல்ல காரியம், ஆனால் விருந்து.

2021 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சிலிருந்து ஆஸ்ட்ரோஆக்சஸ் என்ற அமைப்பு அதே 727 வகை விமானத்தில் நடத்திய பறத்தல்தான் கணக்கை மாற்றியது. பன்னிரண்டு பேர்: பார்வையற்றோர், காது கேளாதோர், நடமாட்டக் குறைபாடு உள்ளவர்கள். பலர் அறிவியலிலும் பொறியியலிலும் வேலை பார்ப்பவர்கள். அவர்கள் தங்களுக்கான சோதனைகளோடு ஏறினார்கள். உடல் எந்தப் பக்கமும் திரும்பியிருக்கும்போது சைகை மொழி புரியுமா, பார்வையற்றவர் ஒலியை வைத்துத் திசை கண்டுபிடிக்க முடியுமா, தொட்டுணரும் குறிகள் உதவுமா என்று பார்த்தார்கள். இடுப்புக்குக் கீழே இயக்கமில்லாத ஒருவரின் உடையில் ஒரு பட்டை தைத்திருந்தார்கள். மிதக்கும்போது அதைப் பிடித்துத் தன் கால்களைத் தானே மடக்கிக்கொள்ளலாம். எனக்கு இந்தப் பட்டை ஹாக்கிங் படத்தைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது.

எடையின்மையில் சக்கர நாற்காலி தேவையில்லை. மிதக்கத் தெரிந்தால் போதும் என்பார்கள். பாதி உண்மை. 22 வினாடி முடியும்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதுதான் மீதிப் பாதி. கனம் திரும்புவதற்குள் தரையில் மல்லாந்து படுத்திருக்க வேண்டும், தலையை அசைக்கக் கூடாது. கூரையருகே மாட்டிக்கொண்டவரைத் துணையாள் முன்கூட்டியே கீழே கொண்டுவராவிட்டால், அப்புறம் 108 கிலோவை, தானும் கனத்துப்போன ஓர் ஆள் தூக்க முடியாது.

இந்த இடத்தில்தான் 727இன் வழக்கமான பொதுப் பறத்தல் எனக்குப் பிடிக்கிறது. மொத்தம் 15 பரவளையங்கள். முதலில் செவ்வாய் ஈர்ப்பு ஒன்று, பிறகு நிலவின் ஈர்ப்பு இரண்டு, அதன்பின் பன்னிரண்டு முழு எடையின்மை. எடையில் மூன்றில் ஒரு பங்கு, பிறகு ஆறில் ஒரு பங்கு, பிறகு பூச்சியம். புதிய உடலுக்கு இந்தப் படிகள் பெரிய உதவி, துணையாளுக்கும் ஒத்திகை. ஏ310இன் 31 பரவளைய ஆய்வுப் பறத்தலில் முதல்முறை ஏறுபவர் பாதியிலேயே துவண்டுபோக வாய்ப்பு அதிகம். குமட்டலைத் தடுக்கும் ஸ்கோபலமைன் மருந்து அங்கே சாதாரண விஷயம். நோவ்ஸ்பாஸும் பொதுமக்களுக்கு 15 பரவளையப் பறத்தல் நடத்துகிறது. இரண்டு இடத்திலும் இருக்கை ஆயிரக்கணக்கான டாலரோ யூரோவோ ஆகும். உதவித்தொகை இல்லாமல் ‘எல்லோருக்கும்’ என்ற சொல்லுக்கு அங்கே அர்த்தமில்லை.

ராக்கெட் எப்படி? 2025 டிசம்பரில் மிஷேலா பெந்தாஸ் என்ற ஜெர்மன் பொறியாளர் ப்ளூ ஆரிஜின் நிறுவனத்தின் நியூ ஷெப்பர்ட் ராக்கெட்டில் பறந்து, விண்வெளி எல்லையைத் தாண்டிய முதல் சக்கர நாற்காலிப் பயனர் ஆனார். எடையின்மை சுமார் மூன்று நிமிடம், இடைவெளியில்லாமல். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் வாய்ப்பு ஒன்றுதான். பரவளையத்தில் முதல் முறை கைப்பிடியைத் தவறவிட்டால், இரண்டு நிமிடத்தில் அடுத்தது வரும், ஐந்தாவதில் கை பழகிவிடும். பழகுவதற்கும், ஒரு கருவியைத் திருத்தித் திருத்திப் பார்ப்பதற்கும் விமானம்தான் மேல் என்று நினைக்கிறேன். ஐரோப்பிய முகமையின் ஜான் மெக்ஃபால், செயற்கைக் காலோடு நீண்டகால விண்வெளிப் பயணத்துக்கு மருத்துவத் தகுதி பெற்றது 2025 பிப்ரவரியில். அந்தத் தகுதிக்குப் பின்னால் இருப்பது வருடக்கணக்கான சோதனைகள்.

ஆக, கருவியோடு போகும் ஆய்வுக் குழுவுக்கு ஏ310. முதல்முறை மிதக்கப்போகும் மாற்றுத்திறனாளிக்கு 15 பரவளையப் பறத்தல், அதிலும் செவ்வாய், நிலவு என்று படிப்படியாகப் போகும் 727. பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஏ310இல் விமானி ஒலிபெருக்கியில்தான் அறிவிப்பார்: மூக்கு ஏறும் கோணம் 30, 40 டிகிரி, பிறகு எடையின்மை தொடங்கும் கணம், கடைசியில் இறங்கும் எச்சரிக்கை. காது கேளாதவருக்கு இவற்றை யார், எப்படிச் சொல்வார்கள்? விளக்கு வைத்திருக்கிறோம் என்றால் எங்கே, தரையில் மல்லாந்து படுத்திருப்பவர் கண்ணுக்குப் படுமா என்று கேளுங்கள். ‘பக்கத்தில் இருப்பவர் தட்டிச் சொல்வார்’ என்று பதில் வந்தால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள்.